நாடி பார்க்கும் முன் நகல் எடுங்கள்

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ சித்த வைத்தியக் கட்டுரை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பற்றியது. நம் சங்கத்து அன்பர்கள் பலர் வீட்டில், கூடத்து மூலையில், சாமி படத்துக்குக் கீழே, பழைய வேஷ்டித் துண்டு போர்த்தி ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. குழந்தைகள் படித்து முடித்துப் போன பிறகு அதைத் தொடுபவர் குறைவு. ஆனால் குடும்பத்தின் முப்பது, நாற்பது வருஷத்துப் போட்டோக்களும் கடிதங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. அந்தப் பெட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதில் நம்மில் பெரும்பாலோர் தவறு செய்கிறோம் என்பது என் கட்சி. நானும் செய்தேன்.

நான் கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் ஃபைல் தள்ளியவன். ஆனால் ஒரு டிஸ்க் சாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மூன்று டாக்டர், மூன்று வியாதி

2013-ல் ஓய்வு பெற்றபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. 2024 ஜூன் மாதம், தில்லி வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில், அது தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. முதலில் வெறும் மந்தம்தான். காலையில் பட்டனைத் தட்டிவிட்டுக் காப்பி குடித்து, பேப்பரையும் படித்து முடித்தால் அப்போதுதான் திரை முழுசாக வரும். 'வயசாகிவிட்டது, என்னை மாதிரி' என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் சில போட்டோக்கள் பாதி வரை வந்து கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக நின்றன. அதற்கடுத்த வாரம் ஓர் இரவு பெட்டிக்குள்ளிருந்து 'டிக்... டிக்... டிக்' என்று சத்தம். "ஏங்க, பல்லி சொல்லுதா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் என் மனைவி. பல்லிதான் என்று நானும் நம்ப விரும்பினேன்.

மறுநாள் ஆளுக்கொரு யோசனை. பக்கத்து ஃபிளாட்டுப் பையன் வந்து பார்த்து, "அங்கிள், வைரஸ்" என்றான். மார்க்கெட்டில் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் பெட்டியைத் திறக்காமலே, "ஃபார்மட் கர் தேங்கே, நயா ஜைசா ஹோ ஜாயேகா" என்றார். எல்லாவற்றையும் அழித்துப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறாராம்! அமெரிக்காவிலிருந்து மகன் போனில், "அப்பா, அதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு லேப்டாப் வாங்குங்க" என்றான். மூன்று டாக்டர், மூன்று வியாதி, மூன்று மருந்து. இவர்களில் ஒருவர்கூட, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

கேட்டது புனேயில் இருக்கும் என் அக்கா மகன். "மாமா, முதல்ல கம்ப்யூட்டரை அணைச்சு வைங்க. அப்புறம் பேசலாம். அதுல இருக்கறது வேற எங்கேயாவது இருக்கா?"

என்னிடம் பதில் இல்லை. என் அப்பா 1968 முதல் 1989 வரை கும்பகோணத்திலிருந்து எனக்கு எழுதிய இன்லண்டு கடிதங்களை ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தேன். அசல் கடிதங்கள் சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வீடு மாறியபோது ஒரு டிரங்குப் பெட்டியோடு போய்விட்டன. இன்னொன்று, என் அம்மாவின் குரல். 2015 முதல் 2018 வரை அம்மா எங்களோடு இருந்தபோது, மத்தியான வேளைகளில் அவள் சொன்ன ஊர்க் கதை, கல்யாணப் பாட்டு, வத்தக்குழம்புப் பக்குவம் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தேன். மொத்தம் 41 பதிவுகள். அம்மா 2019-ல் போய்விட்டாள். அந்த 41-ம் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருந்தன. வேறு எங்கும் இல்லை.

"அப்படின்னா மாமா, டிஸ்க் கெட்டுப்போச்சா இல்லையாங்கறது அப்புறம். முதல்ல அம்மம்மாவை வெளியில எடுத்தாகணும்" என்றான். ஒரு கம்ப்யூட்டர்க்காரன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

ஏன் அந்த அவசரம் என்பது டிஸ்க்கின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் புரியும். ஹார்ட் டிஸ்க் என்பது பெயருக்கு ஏற்றபடி தகடுதான். கண்ணாடி போல் பளபளப்பான காந்தத் தகடுகள் நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகின்றன. 7200 என்றால் ஒரு விநாடிக்கு 120 சுற்று. அதன்மேல் படிக்கும் முள் தகட்டைத் தொடாமல் மிதக்கிறது. கிராமபோன் முள் மாதிரி என்று சொல்வார்கள். ஆனால் கிராமபோன் முள் தொடும், இது தொட்டால் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நம் தலைமுடியின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தூசிகூட அங்கே பாறாங்கல்தான்.

முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐ.பி.எம். கம்பெனி 1956-ல் வெளியிட்டது. 24 அங்குலத் தகடுகள் ஐம்பது. அத்தனையிலும் சேர்த்து ஐம்பது லட்சம் எழுத்துகள்தான் கொள்ளும். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவுக்கே ஏறக்குறைய அவ்வளவு இடம் வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை கொள்ளளவு எங்கேயோ போய்விட்டது. ஆனால் சுற்றும் தகடு, அதன்மேல் மிதக்கும் முள் என்ற அடிப்படை மாறவில்லை. சுற்றுகிற எந்தச் சாமானும் ஒருநாள் நிற்கும். நம் வீட்டு மிக்ஸிக்கும் சீலிங் ஃபேனுக்கும் உள்ள விதிதான் இதற்கும்.

'டிக் டிக்' சத்தம் என்ன? தகட்டில் தான் இருக்க வேண்டிய இடத்தை முள் தேடுகிறது. கிடைக்கவில்லை. திரும்பிப் போய் மறுபடி தேடுகிறது. அந்தப் போக்குவரத்துதான் சத்தம். ஒவ்வொரு முறை தேடும்போதும் பழுதான முள் நல்ல தகட்டையும் கீறிவிடலாம். அதனால்தான், சத்தம் வருகிற டிஸ்க்கைத் 'திரும்ப ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே' என்று போட்டுப் போட்டுப் பார்ப்பது, கால் உடைந்தவனை நடக்கவிட்டுப் பார்ப்பதற்குச் சமம்.

இங்கே ரிப்பேர்க் கடைகளிலும் வீடுகளிலும் வழக்கமாகச் செய்கிற ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். டிஸ்க்கில் கோளாறு என்றதும் விண்டோஸில் உள்ள 'செக்டிஸ்க்' என்ற பரிசோதனையை ஓட்டிவிடுவார்கள். நல்ல கருவிதான். ஆனால் அதை முழுப் பரிசோதனையாக ஓட்டினால் டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் மணிக்கணக்கில் படிக்கும். அதோடு நிற்காமல் பட்டியல்களைத் திருத்தியும் எழுதும். சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு அதுவே கடைசி ஓட்டமாகலாம். நகல் எடுத்த பிறகு அதைத் தாராளமாக ஓட்டலாம். நகல் எடுப்பதற்கு முன் வேண்டாம். ஃபார்மட் பேச்சே வேண்டாம். டிஸ்க்கை ஃப்ரிஜ்ஜில் வைத்தால் சரியாகும் என்று சொல்கிறவர்களும் உண்டு. வெளியே எடுத்ததும் நீர் பூக்கும். அந்த வைத்தியமும் வேண்டாம்.

நாங்கள் செய்தது

புதிதாக 1 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்கினேன். அது கையில் வந்த பிறகுதான் கம்ப்யூட்டரைப் போட்டோம். மருமகன் போனில் வரிசை சொன்னான். சினிமாவையும் பக்திப் பாடல்களையும் தொடாதே. அவை வேறு எங்கும் கிடைக்கும். உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காதது எதுவோ அதுதான் முதலில். அம்மாவின் பதிவுகள், அப்பாவின் கடிதங்கள், பிறகு கல்யாண ஆல்பம், அதற்குப் பிறகு வீட்டுப் பத்திர ஸ்கேன் என்று போனோம். ஒரு ஃபைல் முரண்டு பிடித்தால் அதோடு மல்லுக்கு நிற்காமல் அடுத்ததற்குப் போக வேண்டும்.

நாலு மணி நேரம் ஆயிற்று. கடிதங்கள் எல்லாம் வந்துவிட்டன. அம்மாவின் 41 பதிவுகளில் 38 வந்தன. மூன்று வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மருமகன் நேரிலேயே வந்தான். ஒரு பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு, 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச புரோகிராமை ஓட்டினான். அதன் புத்திசாலித்தனம் எனக்குப் பிடித்திருந்தது. அது நன்றாக உள்ள பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிக்கொள்கிறது. கரடுமுரடான இடத்தைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகிறது. கடைசியில்தான் அங்கே திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறது. பரீட்சையில் தெரிந்த கேள்வியை முதலில் எழுது என்று நம் வாத்தியார் சொன்னாரே, அதேதான். இரவு முழுக்க ஓடியதில் இன்னும் இரண்டு பதிவுகள் கிடைத்தன. ஒன்று கிடைக்கவே இல்லை. அதன் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கிறது: 'அம்மா - ஊஞ்சல் பாட்டு'. நான் முதல் வாரமே, மந்தமாகத் தொடங்கியபோதே நகல் எடுத்திருந்தால் அதுவும் இருந்திருக்கும். இதற்கு வெயிலையோ கம்பெனியையோ குறை சொல்ல முடியாது.

இப்போது நாடி பார்க்கலாம்

எல்லாம் வெளியே வந்த பிறகுதான் வியாதி என்ன என்று பார்த்தோம். இதை எவரும் வீட்டிலேயே செய்யலாம். காசு செலவில்லை.

1990-களின் நடுவிலிருந்து டிஸ்க்குகளில் 'ஸ்மார்ட்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே ஒரு டயரியில் குறித்துக்கொண்டே வரும். அந்த டயரியைப் படிக்க 'கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச புரோகிராம் போதும். லினக்ஸ்காரர்களுக்கு 'ஸ்மார்ட்கட்ல்' உண்டு. திறந்தால் நீளமாக ஒரு பட்டியல் வரும். பயந்துவிட வேண்டாம். அதில் நாலு வரிகளைப் பார்த்தால் போதும்.

5-ம் எண் வரி: கெட்டுப்போன இடங்களை மூடிவிட்டு, கைவசம் வைத்திருந்த உபரி இடத்தை டிஸ்க் எத்தனை முறை எடுத்துக்கொண்டது என்ற கணக்கு. 197: படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள். 198: முயன்றும் படிக்க முடியவில்லை என்று கைவிட்ட இடங்கள். இந்த மூன்றும் பூஜ்யமாக இருப்பது நல்லது. பூஜ்யத்தை விட்டு ஏறினால் எச்சரிக்கை. வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கைக் கைகழுவ வேண்டியதுதான். இந்தப் புரோகிராம் வழக்கமாக எண்களைப் பதினாறின் அடிப்படையில் காட்டும். அதில் '10' என்று இருந்தால் நம் கணக்கில் 16. சாதாரண எண்ணாக மாற்றிக்கொள்ளவும் அதிலேயே வழி உண்டு. சில டிஸ்க்குகளில் முதல் வரியில் ராட்சச எண்கள் தெரியும். அது அந்த டிஸ்க்கின் எழுதும் முறை. அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

நாலாவது வரி 199. இதுதான் பல வீடுகளில் பணத்தை மிச்சம் பிடிக்கும் வரி. இது ஏறியிருந்து மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால், பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கில் இல்லை. டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் கேபிளில் இருக்கிறது. எங்கள் கட்டடத்திலேயே ஒரு நண்பர் வீட்டில் இதுதான் நடந்தது. கடையில் புது டிஸ்க் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நேரு பிளேஸில் நூறு ரூபாய்க்குள் ஒரு ஸாட்டா கேபிள் வாங்கி மாற்றினார். இன்றுவரை ஓடுகிறது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது. டயரியில் எழுதியது அழியாது. மேலே ஏறாமல் நின்றுவிட்டதா என்பதுதான் கணக்கு.

சத்தம், மந்தம் எல்லாமே டிஸ்க்கின் குற்றம் என்றும் முடிவு கட்டிவிடக்கூடாது. தூசி அடைத்த ஃபேன் கரகரக்கும். பவர் சப்ளை பெட்டி தளர்ந்துபோனால் டிஸ்க்குக்குப் போதிய மின்சாரம் கிடைக்காமல் நின்று நின்று சுற்றும், அப்போதும் டிக் என்று கேட்கும். மெமரி பழுதானாலும் கம்ப்யூட்டர் உறைந்து நிற்கும். அடிக்கடி கரண்ட் போய்வரும் வட்டாரங்களில் யு.பி.எஸ். இல்லாமல் கம்ப்யூட்டர் வைத்திருப்பதே டிஸ்க்குக்குச் செய்யும் துரோகம்.

என் டிஸ்க்கில் 5-ம் வரி 312. 197-ம் வரி 64. 199 பூஜ்யம். கேபிள் மீது பழி போட வழியில்லை. தீர்ப்பு தெளிவு.

'நல்லது' என்ற சர்டிபிகேட்

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஸ்மார்ட் பட்டியலில் எல்லாம் பூஜ்யமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? கூடாது என்கிறார்கள் பார்த்தவர்கள். கூகிள் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் தங்களிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதான டிஸ்க்குகளில் நூற்றுக்கு 56, முக்கியமான நாலு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போய்ச் சேர்ந்தன. அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது. படித்துப் பார்க்கும் சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழை இல்லாததைவிட அடுத்த 60 நாளில் பழுதாக 39 மடங்கு வாய்ப்பு அதிகம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விதி கிடைக்கிறது. டிஸ்க் கெட்டது என்று சோதனை சொன்னால் அப்படியே நம்புங்கள். நல்லது என்று சொன்னால் முழுசாக நம்பாதீர்கள். நம் ஊரில் ஜாதகம் பார்த்துக் கல்யாணம் செய்பவர்கள் இதற்கு நேர் எதிராகச் செய்வார்கள். அது வேறு கதை.

'எங்கள் வீட்டில் தகடே இல்லை, எஸ்.எஸ்.டி.தான்' என்று இளைஞர்கள் சொல்லலாம். அதில் சுற்றுவது எதுவும் இல்லை, உண்மை. ஆனால் அது போகும்போது டிக் என்றுகூடச் சொல்லாது. நேற்று ராத்திரி வேலை செய்தது காலையில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். பழைய டிஸ்க்காவது முனகிக்கொண்டே சாகும். புதிய லேப்டாப் பலவற்றில் பிட்லாக்கர் என்ற பூட்டும் உண்டு. அதன் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைக்காதவர்கள், கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் திறக்க முடியாது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மனைவியும் பிள்ளைகளும் அந்த எண்ணைத் தேடி அலையக்கூடாது. இன்ஷூரன்ஸ் பத்திரத்தோடு ஒரு தாளில் அதையும் எழுதி வையுங்கள்.

எல்லாம் கிளவுடில் இருக்கிறதே!

இப்படி ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். கிளவுடை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதையும் புரிந்துகொண்டு வைக்க வேண்டும். கூகிள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக வைக்கலாம் என்ற சலுகை 2021 ஜூன் 1-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பிறகு மொத்தமே 15 ஜி.பி.தான் இலவசம். இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்குகளை நீக்கலாம் என்ற விதியும் 2023-ல் வந்திருக்கிறது. பெரியவர் காலமாகிவிட்டால் அவர் கணக்கை யார் தொடப்போகிறார்கள்? கம்ப்யூட்டரும் கிளவுடும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி வைத்திருந்தால், இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழிந்துவிடும். அது கண்ணாடி, நகல் அல்ல. வாட்ஸப்பில் அனுப்பி வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. பெரிதாக்கிச் சுவரில் மாட்ட நினைக்கும்போது தெரியும்.

இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. பீட்டர் குரோ என்ற போட்டோகிராபர் பிரபலப்படுத்தியது. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில். நம்மைப் போன்று ஊரை விட்டு வந்து குடியேறியவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு இங்கே ஒரு வீடு, ஊரில் ஓர் உறவு, பிள்ளைகள் இன்னொரு ஊரில். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது ஊறுகாய் ஜாடியோடு ஒரு டிஸ்க்கையும் எடுத்துப் போய் அண்ணன் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த முறை புதுப்பித்துக்கொண்டால் சூத்திரம் பூர்த்தியாயிற்று.

நகல் எடுப்பது நமக்குப் புதுசும் அல்ல. சங்க நூல்கள் ஓலையில்தான் வந்தன. ஓலையும் டிஸ்க் மாதிரிதான், காலம் முடிந்தால் செல்லரித்துப் போகும். தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் உட்கார்ந்து பிரதி எடுத்ததால்தான் அவை நம் கைக்கு வந்தன. உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஓர் ஏட்டை மட்டும் நம்பவில்லை. ஊர் ஊராகத் தேடி, பல பிரதிகளை ஒப்பிட்டார். ஓர் ஏட்டில் சிதைந்த இடம் இன்னோர் ஏட்டில் நன்றாக இருந்தது. எங்கள் வீட்டு 'ஊஞ்சல் பாட்டு'க்கு இன்னோர் ஏடு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சங்கம் செய்யக்கூடியது

நம் சங்கத்தில் தமிழ் வகுப்பு நடக்கிறது, பொங்கல் விழா நடக்கிறது, பட்டிமன்றம் நடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விஷயம் தெரிந்த நம் இளைஞர்கள் நாலு பேர் நூலகத்தில் உட்காரட்டும் என்பது என் யோசனை. பெரியவர்கள் லேப்டாப்பையோ டிஸ்க்கையோ எடுத்து வரலாம். அந்த நாலு வரிகளைப் பார்த்துச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். நகல் எடுக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கலாம். பாஸ்வேர்டை யாரும் கேட்கக்கூடாது, சொல்லவும் கூடாது. உடைமைக்காரர் கண் முன்னால்தான் எல்லாம் நடக்க வேண்டும். கட்டணம் வேண்டாம், ஒரு டம்ளர் காப்பி போதும்.

இன்னொன்றையும் நிர்வாகக் குழுவினர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பி எழுதுகிறேன். சங்க அலுவலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வயது என்ன? பழைய நாடகப் புகைப்படங்கள், உறுப்பினர் பட்டியல், இந்த இதழின் பழைய பக்கங்கள் எல்லாம் அதில் மட்டும்தான் இருக்கின்றனவா? அதற்கு இரண்டாவது பிரதி இருந்தால் மிக்க மகிழ்ச்சி. இல்லையென்றால் அடுத்த கூட்டத்தின் முதல் தீர்மானம் அதுவாகட்டும்.

என் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடவில்லை. அலமாரியில் இருக்கிறது. சுத்தமான அறையில் டிஸ்க்கைப் பிரித்து மீட்டுத் தருகிற நிபுணர்கள் இருக்கிறார்கள். செலவு அதிகம், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. "ஒரு பாட்டுக்கா இவ்வளவு?" என்று என் மனைவி கேட்கவில்லை. "எப்போ கொடுக்கப்போறீங்க?" என்றுதான் கேட்கிறாள்.

உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்க ஒரு வழிதான். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் படுக்கப் போகாதீர்கள். போர்த்திய துணியை எடுங்கள். உலகத்தில் வேறு எங்கும் இல்லாதது எது என்று உங்களையே கேட்டுக்கொண்டு, அதை முதலில் நகல் எடுங்கள். டிஸ்க் நன்றாகத்தான் ஓடுகிறது என்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். என்னுடையதும் 2024 மே மாதம் வரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.